அறுவைச் சிகிச்சை முதலிலா, மருந்து முதலிலா? அம்மாவின் நுரையீரல் புற்றுநோய் குறித்து ஆலோசனை தேவை

காவிரிக்கரையான் | 4 ஆகஸ்ட் 2025

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 59. புகை, புகையிலை, வெற்றிலைபாக்கு எதுவும் அவருக்குப் பழக்கமில்லை. திருமணமாகி வந்த பிறகு இருபது ஆண்டுகள் விறகடுப்பில் சமைத்தார் என்பதைத் தவிர, நுரையீரலுக்குக் கேடு என்று சொல்ல வேறொன்றும் இல்லை. சென்ற மார்கழியில் தொடங்கிய வறட்டு இருமலுக்கு, சளியில் கிருமி இல்லை என்று முடிவு வந்த பிறகும், எக்ஸ்ரேயில் தெரிந்த நிழலை மட்டும் நம்பி நான்கு மாதங்கள் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். சிறுநீர் சிவந்ததும் உடல் இளைத்ததும்தான் மிச்சம்.

ஜூன் மாதம் வேறோர் ஊரில் எடுத்த சிடி ஸ்கேனில் வலது நுரையீரலின் மேல் மடலில் 4.3 செ.மீ. கட்டி தெரிந்தது. பயாப்சியில் அடினோகார்சினோமா (சளி சுரக்கும் அணுக்களில் தொடங்கும் புற்றுநோய் வகை) என்று வந்தது. பெட் ஸ்கேனில் நுரையீரலின் வேர்ப்பகுதியில் ஒரு நெறி (நிணநீர் முடிச்சு) நன்றாக ஒளிர்கிறது. நடுமார்பில் மூச்சுக்குழாயை ஒட்டி இன்னொன்று மங்கலாக ஒளிர்கிறது. மூளை எம்.ஆர்.ஐ.யில் எதுவும் இல்லை.

முதலில் பார்த்த மருத்துவர், அடுத்த வாரமே மேல் மடலை எடுத்துவிடலாம் என்றார். இரண்டாமவர், இப்போதெல்லாம் யாரும் நேராகக் கத்தி வைப்பதில்லை, கீமோவையும் இம்யூனோதெரபியையும் (உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டிப் புற்றுநோயைத் தாக்கவைக்கும் மருந்து) சேர்த்து மூன்று சுற்று கொடுத்துவிட்டுப் பிறகு எடுக்கலாம் என்றார். மாமா அறுவை என்கிறார், அக்கா மருந்து என்கிறார், அம்மாவோ இருவரையும் கேட்டுவிட்டு ஆடி கழியட்டும் என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழையகணக்கு | 4 ஆகஸ்ட் 2025

கட்டியை உள்ளே வைத்துக்கொண்டு மூன்று மாதம் மருந்து ஏற்றுவது என்பது எனக்கு ஒருபோதும் ஒப்புதலான காரியமில்லை. எடுக்க முடிகிற நோய் என்று தெரிந்த பிறகு எடுத்துவிட வேண்டும். காத்திருக்கும் காலத்தில் நோய் பரவிவிட்டால் பிறகு யாரைப் போய்க் கேட்பது? ஒரு குப்பி மருந்து இலட்சக்கணக்கில் விற்கிற காலத்தில், எது முதலில் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

---

தேரிமணல் | 5 ஆகஸ்ட் 2025

என் அப்பாவின் அனுபவத்தைச் சொல்கிறேன். அவருக்கு வயது 64, நாற்பது ஆண்டுகள் பீடி குடித்தவர். இடது மேல் மடலில் ஆறு செ.மீ. அளவில் ஸ்குவாமஸ் வகைக் கட்டி, நுரையீரலுக்குப் போகும் பெரிய இரத்தக்குழாயை ஒட்டியே இருந்தது. அன்றைய நிலையில் அறுத்தால் இடது நுரையீரல் முழுவதையும் எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். கார்போபிளாட்டின், பேக்ளிடாக்செல் ஆகிய கீமோ மருந்துகளுடன் நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தும் சேர்த்து மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக மூன்று சுற்று கொடுத்தார்கள். கட்டி பாதியாகச் சுருங்கியது. மேல் மடலை மட்டும் எடுத்தார்கள். பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்த முடிவில், உயிருள்ள புற்றணு எதுவும் காணப்படவில்லை என்று ஒரே வரி இருந்தது. அந்தத் தாளை அப்பா இன்னும் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்.

எல்லாம் சுகமாக நடந்தது என்று சொல்லமாட்டேன். இரண்டாவது சுற்றுக்குப் பிறகு தைராய்டு படுத்துவிட்டது. அதைச் சரிசெய்ய அறுவை பத்து நாள் தள்ளிப்போனது. மருந்தின் விளைவாக நெறிகள் இரத்தக்குழாயோடு பசைபோட்டதுபோல் ஒட்டியிருந்ததால், துளைவழியாகத் தொடங்கிய அறுவையைப் பாதியில் மார்பைத் திறந்து முடிக்க வேண்டியதாயிற்று. இருந்தும் என் பார்வையில் மருந்து முதலில் கொடுப்பதே சரி.

---

மார்புக்கூடு (மார்பு அறுவைச் சிகிச்சை, 17 ஆண்டுகள்) | 5 ஆகஸ்ட் 2025

தம்பி காவிரிக்கரையான், இரண்டு மருத்துவர்களும் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் இருவருமே இன்னும் வராத ஒரு தாளைப் படித்துவிட்டதுபோல் பேசியிருக்கிறார்கள். நீங்கள் எழுதியதில் ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. ஆகிய மரபணுப் பரிசோதனைகளைப் (கட்டியை வளரத் தூண்டும் மரபணு மாற்றம் உண்டா என்று பார்ப்பவை) பற்றியும், இம்யூனோதெரபி பலன் தருமா என்று கணிக்க உதவும் பி.டி.-எல்1 புரதத்தின் அளவைப் பற்றியும் ஒரு சொல்கூட இல்லை. புகைப்பழக்கம் இல்லாத பெண், அடினோகார்சினோமா வகை என்ற இரண்டும் சேர்ந்தால், முதலில் கேட்க வேண்டியது ஈ.ஜி.எஃப்.ஆர். முடிவைத்தான். இந்திய நோயாளிகளின் அடினோகார்சினோமாவில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இந்த மாற்றம் இருக்கிறது. புகைக்காத பெண்களிடம் அதைவிடக் கூடுதல்.

தேரிமணல் தன் தந்தைக்குக் கிடைத்த முறையை விவரித்திருக்கிறார். அதற்கு அடிப்படையானது 2022இல் வெளிவந்த செக்மேட் 816 ஆய்வு. 358 நோயாளிகளில் பாதிப் பேருக்கு அறுவைக்கு முன் கீமோ மட்டும், மீதிப் பேருக்குக் கீமோவுடன் நிவோலுமாப். எடுத்த திசுவில் புற்றணுவே இல்லை என்ற நிலையை, கீமோ மட்டும் பெற்றவர்களில் 2.2 விழுக்காட்டினரே எட்டினார்கள். நிவோலுமாப் சேர்த்தவர்களில் 24 விழுக்காட்டினர் எட்டினார்கள். ஐந்தாண்டு முடிவில் உயிரோடிருந்தோர் 65 விழுக்காடு, எதிரணியில் 55. முழு நுரையீரலையும் எடுக்க நேர்ந்தவர்கள் 25 விழுக்காட்டிலிருந்து 17 ஆகக் குறைந்தார்கள். அறுவை செய்பவன் என்ற முறையில் எனக்கு இந்தக் கடைசி எண்தான் பெரியது.

ஆனால் இதைக் கவனியுங்கள்: ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. மாற்றம் இருப்பதாகத் தெரிந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அத்தகைய கட்டிகளில் இம்யூனோதெரபி பெரும்பாலும் சரியாக வேலை செய்வதில்லை; பி.டி.-எல்1 அளவு கூடுதலாக இருந்தாலும் அதை நம்பி ஏமாறக் கூடாது. இதில் இன்னொரு வம்பும் உண்டு. இம்யூனோதெரபி மருந்தின் விளைவு உடலில் மாதக்கணக்கில் தங்கும். அதற்குள் ஈ.ஜி.எஃப்.ஆர். மாத்திரையான ஒசிமெர்டினிபைத் தொடங்கினால், நுரையீரலில் கடுமையான அழற்சி வரும் வாய்ப்புக் கூடுகிறது. எனவே, முடிவு தெரியாமல் கொடுத்த முதல் குப்பி வீணாவதோடு நிற்காது. பின்னால் தேவைப்படும் நல்ல மருந்துக்கும் அது வழியை அடைத்துவிடும்.

இரண்டாவதாக, நடுமார்பில் மங்கலாக ஒளிரும் அந்த நெறி. பெட் ஸ்கேன் புற்றுநோயைத் தனியாக இனங்காண்பதில்லை. சர்க்கரையைக் கூடுதலாக உறிஞ்சும் எதையும் அது ஒளிரச் செய்யும். காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில், பழைய காசநோய் வடுவும் ஒளிரும். அந்த நெறியில் புற்றுநோய் இருந்தால் நோய் மூன்றாம் நிலை, இல்லையென்றால் இரண்டாம் நிலை. சிகிச்சையின் வரிசையே மாறிவிடும். மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டு அல்ட்ராசவுண்டு உதவியுடன் ஊசி போட்டு எடுக்கும் ஈபஸ் பரிசோதனையைச் செய்யாமல் கத்தியும் வேண்டாம், குப்பியும் வேண்டாம்.

பழையகணக்கு ஐயாவின் அச்சம் வெறும் அச்சமல்ல. அதே ஆய்வில் நிவோலுமாப் சேர்த்தவர்களில் 83 விழுக்காட்டினர்தான் அறுவைக்குப் போனார்கள்; நோய் முற்றியதால் வாய்ப்பை இழந்தவர்களும் மீதிப் பேரில் உண்டு. ஆனால் கீமோ மட்டும் பெற்ற அணியில் அறுவையை எட்டியவர்கள் 75 விழுக்காடே. ஆக, கட்டியை உள்ளே வைத்திருப்பது மட்டும் ஆபத்தல்ல, எந்த மருந்தோடு வைத்திருக்கிறோம் என்பதும் சேர்த்தே பார்க்க வேண்டியது.

---

பழையகணக்கு | 5 ஆகஸ்ட் 2025

விளக்கத்துக்கு நன்றி ஐயா. அப்படியானால் உங்களுக்கும் கத்திதான் கடைசி நம்பிக்கை என்று எடுத்துக்கொள்ளலாமா? ஒரு காலத்தில் நுரையீரல் முழுவதையும் எடுத்தே ஆளைப் பிழைக்க வைத்தார்கள் அல்லவா?

---

மார்புக்கூடு | 6 ஆகஸ்ட் 2025

எடுத்தார்கள். 1933 ஏப்ரல் 5 அன்று, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரஹாம் என்பவர், ஜேம்ஸ் கில்மோர் என்ற மகப்பேறு மருத்துவரின் இடது நுரையீரல் முழுவதையும் ஒரே அமர்வில் எடுத்தார். புற்றுநோய்க்காக அப்படிச் செய்து வெற்றி கண்ட முதல் நிகழ்வு அது. கில்மோர் அதன் பிறகு முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார். அறுத்த கிரஹாமோ பெரிய புகைப்பிரியர். புகைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை 1950இல் எர்னஸ்ட் விண்டருடன் சேர்ந்து தாமே எழுதியவர். 1957இல் அதே நோயால் தாமே இறந்தார்.

கில்மோரின் கதையைச் சொல்லி நோயாளிகளுக்கு நம்பிக்கையூட்டுவேன். ஆனால் அது ஒருவரின் கதை. நோயைச் சுத்தமாக எடுத்துவிட்டோம் என்று மகிழ்ந்த எத்தனையோ பேருக்கு இரண்டே ஆண்டில் மூளையிலோ எலும்பிலோ நோய் தலைகாட்டியிருக்கிறது. அறுக்கும் நாளிலேயே கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் இரத்தத்தில் கிளம்பிப் போயிருக்கின்றன என்பதுதான் இதற்குக் காரணம். கத்திக்கு எட்டாத அந்த அணுக்களுக்காகத்தான் மருந்து. அறுவைக்குப் பின் சிஸ்பிளாட்டின் கீமோ கொடுத்ததால், பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கணக்கில், ஐந்தாண்டில் கூடுதலாகப் பிழைத்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் சொச்சம். அந்த ஐந்து பேருக்காகத்தான் பல ஆண்டுகள் எல்லோருக்கும் அதைக் கொடுத்துவந்தோம்.

---

வகுப்பறை (ஓய்வுபெற்ற ஆசிரியை, கோவை) | 7 ஆகஸ்ட் 2025

தம்பி, நான் நோயாளியாகவே பேசுகிறேன். எனக்கும் புகைப்பழக்கம் இல்லை. 2023இல் இடது கீழ் மடலை எடுத்தார்கள். நிலை இரண்டு, ஈ.ஜி.எஃப்.ஆர். எக்ஸான் 21 மாற்றம் (எக்ஸான் என்பது மரபணுவின் ஒரு பகுதி). நான்கு சுற்றுக் கீமோவுக்குப் பிறகு ஒசிமெர்டினிப் 80 மி.கி. தினமும் ஒன்று, மூன்று ஆண்டுகளுக்கு. எனக்கு இது இரண்டாவது ஆண்டு.

அதௌரா என்ற ஆய்வின் முடிவை என் மருத்துவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். முதல் நிலையின் பிற்பகுதி தொடங்கி மூன்றாம் நிலையின் முற்பகுதி வரை இருந்த 682 பேரை அறுவைக்குப் பின் இரண்டாகப் பிரித்தார்கள். ஐந்தாம் ஆண்டில் மாத்திரை சாப்பிட்டவர்களில் 88 விழுக்காட்டினரும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 78 விழுக்காட்டினரும் உயிரோடிருந்தார்கள். நான் கணக்கு ஆசிரியை. நூற்றுக்குப் பத்துப் பேர் என்றால் அது ஒரு பெஞ்சுக்கும் மேல் என்றுதான் எனக்குத் தோன்றியது.

பக்கவிளைவைப் பற்றி யாரும் சொல்லாததைச் சொல்கிறேன். நகச்சுற்று. கால் பெருவிரல்கள் இரண்டிலும் மாறிமாறி வந்து, செருப்புப் போட முடியாமல் செய்துவிடும். தோல் வறண்டு குதிகால் வெடிக்கும். முதல் இரண்டு மாதம் வயிற்றுப்போக்கு இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள். விலையைப் பொறுத்தவரை, 2024 ஜூலை பட்ஜெட்டில் இந்த மருந்துக்கு இறக்குமதி வரியை நீக்கினார்கள். அப்படியும் எங்கள் ஓய்வூதியத்தில் சமாளிக்கிற தொகையில்லை. மருந்து நிறுவனங்கள் நடத்தும் உதவித் திட்டத்தில் சேர முடியுமா என்று மருத்துவமனையில் கேளுங்கள். கேட்காதவர்களுக்கு அவர்களாகச் சொல்வதில்லை.

---

மூச்சுப்பயிற்சி (இயன்முறை மருத்துவர்) | 8 ஆகஸ்ட் 2025

எது முதலில் என்ற விவாதத்தில் எல்லோரும் கட்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். எஞ்சப்போகும் நுரையீரலைப் பற்றியும் கொஞ்சம் பேசுவோம். இரண்டு நுரையீரலிலும் சேர்த்து 19 கூறுகள் என்று வைத்துக் கணக்கிடுவோம்: வலதில் 10, இடதில் 9. வலது மேல் மடலில் 3 கூறுகள். உங்கள் அம்மா ஒரு நொடியில் ஊதி வெளியேற்றும் காற்று 1.6 லிட்டர் என்று கொண்டால், மேல் மடலை எடுத்த பிறகு அது 19இல் 16 பங்காக, ஏறக்குறைய 1.35 லிட்டராக இருக்கும். அதில் அவர் கடைக்குப் போய்வரலாம், மாடி ஏறலாம். அதே ஆளுக்கு வலது நுரையீரல் முழுவதையும் எடுத்தால் 0.76 லிட்டர்தான் மிஞ்சும். குளித்து முடித்துத் தலை துவட்டவே நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கும். கட்டியைச் சுருக்கி ஒரு மடலோடு முடிப்பதன் அருமை இந்தக் கணக்கில் இருக்கிறது.

எனவே ஊதிப் பார்க்கும் பரிசோதனையோடு, இரத்தத்துக்குள் வாயு எவ்வளவு நன்றாகக் கடக்கிறது என்று பார்க்கும் டி.எல்.சி.ஓ. பரிசோதனையும் அவசியம். முன்னதாகக் கீமோ பெற்றவர்களுக்கு ஊதும் அளவு குறையாமலே இந்த இரண்டாவது அளவு குறைந்திருக்கக்கூடும்.

மூன்று உருண்டைகள் உள்ள பயிற்சிக் கருவியை இன்றே வாங்குங்கள். வருகிற நோயாளிகளில் பாதிப் பேர் அதைப் புல்லாங்குழல்போல ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, குழாயை வாயில் வைத்து மெல்ல உள்ளே இழுத்து, உருண்டைகளை மேலேயே சில நொடிகள் நிறுத்த வேண்டும்.

---

காவிரிக்கரையான் | 21 ஆகஸ்ட் 2025

தாமதத்துக்கு மன்னிக்கவும். மரபணுப் பரிசோதனைக்கு, பயாப்சி எடுத்த ஊரிலிருந்து, அந்தத் திசுவை வைத்திருக்கும் பிளாக்கை வாங்கி வரச் சொன்னார்கள். இரண்டு பேருந்து மாறிப் போனேன். கையில் கொடுத்தது தீப்பெட்டியில் பாதியளவுகூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் சட்டம். அதில் மெழுகு, மெழுகுக்கு நடுவில் கம்பளிப்பூச்சியின் மயிர் அளவில் பழுப்பாக இரண்டு கோடுகள். இதற்குள்ளா அம்மாவின் வைத்தியம் முழுவதும் இருக்கிறது என்று வழியெல்லாம் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

முடிவு வந்துவிட்டது. ஈ.ஜி.எஃப்.ஆர். எக்ஸான் 19 நீக்க மாற்றம் இருக்கிறது. ஏ.எல்.கே. இல்லை. பி.டி.-எல்1 60 விழுக்காடு. ஈபஸ் செய்ததில் நடுமார்பு நெறியில் புற்றணு இல்லை. கிரானுலோமா (காசநோய் போன்ற தொற்றாலோ அழற்சியாலோ உருவாகும் அணுத்திரள்) என்று எழுதியிருக்கிறார்கள். அதை ஜீன்எக்ஸ்பர்ட் செய்ததில் காசநோய்க் கிருமி தென்படவில்லை. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவுக்கு ஆறு வாரம் ஆகுமாம்.

இரண்டாவது மருத்துவரிடமே இதைக் கொண்டுபோய்க் காட்டினேன். படித்துவிட்டு, இம்யூனோதெரபி வேண்டாம், நேராக அறுவைக்குப் போகலாம் என்று அவரே சொல்லிவிட்டார். அக்காவுக்கு மட்டும் இன்னும் ஒரு கேள்வி: மாத்திரை அவ்வளவு நல்லதென்றால், அதையே அறுவைக்கு முன் கொடுக்கக் கூடாதா?

---

மார்புக்கூடு | 21 ஆகஸ்ட் 2025

பி.டி.-எல்1 அளவான அந்த 60ஐப் பார்த்துத்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இரண்டாவது மருத்துவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டது பெரிய மனது.

அக்காவின் கேள்வி நல்ல கேள்வி. நியோஅதௌரா என்ற ஆய்வின் முதல் முடிவுகள் இந்த ஆண்டுதான் வந்தன. அறுவைக்கு முன் ஒசிமெர்டினிபும் கீமோவும் பெற்றவர்களில் 26 விழுக்காட்டினருக்கு, கட்டியில் உயிருள்ள அணுக்கள் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எஞ்சவில்லை. கீமோ மட்டும் பெற்றவர்களில் அந்நிலையை எட்டியவர்கள் 2 விழுக்காடு. ஆனால் முன்னே கொடுப்பது பின்னே கொடுப்பதைவிட ஆயுளைக் கூட்டுகிறதா என்பதற்கு அந்த ஆய்வில் விடை இல்லை. எடுப்பதற்குக் கடினமான இடத்தில், நடுமார்பு நெறியிலும் நோய் உள்ளவருக்கு நான் அந்த வழியை யோசிப்பேன். உங்கள் அம்மாவின் கட்டி இன்றைக்கே ஒரு மடலோடு எடுக்கக்கூடியது, நடுமார்பும் சுத்தம். காத்திருக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

மடலில் ஒரு பகுதியை மட்டும் எடுத்தால் போதாதா என்று அடுத்து யாரேனும் கேட்பீர்கள். இரண்டு செ.மீ.க்குள் இருக்கும் ஓரக் கட்டிகளுக்கு, ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகளுக்குப் பிறகு, அது போதும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறோம். 4.3 செ.மீ.க்கு, அதுவும் வேர்ப்பகுதி நெறி ஒளிரும்போது, முழு மடலையும் எடுத்து நெறிகளையும் திரட்டி எடுப்பதுதான் முறை.

ஒன்றை மறக்காதீர்கள். கிரானுலோமா என்ற சொல்லைப் பார்த்ததும் யாரேனும் மீண்டும் காசநோய் மாத்திரை எழுதக்கூடும். அதிலுள்ள ரிஃபாம்பிசின், ஒசிமெர்டினிபை ஈரல் வேகமாகச் சிதைக்கும்படி செய்து, இரத்தத்தில் அதன் அளவை நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கிவிடும். இலட்ச ரூபாய் மாத்திரையை விழுங்கியும் பயனிருக்காது. உண்மையிலேயே காசநோய் இருந்தால் மருத்துவம் செய்தே ஆக வேண்டும். ஆனால் கல்ச்சர் முடிவு வரும்வரை, ஊகத்தின் பேரில் தொடங்க விடாதீர்கள்.

---

பழையகணக்கு | 22 ஆகஸ்ட் 2025

முடிவில் அறுவைதான் முதலில் என்றாகிவிட்டது. ஆனால் நான் சொன்ன காரணத்துக்காக அல்ல என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

---

காவிரிக்கரையான் | 27 செப்டம்பர் 2025

ஆவணி பிறந்ததும் அம்மா தாமாகவே நாள் குறிக்கச் சொன்னார். செப்டம்பர் 3 அன்று துளைவழியாகவே வலது மேல் மடலை எடுத்தார்கள். மூன்றே முக்கால் மணி நேரம் ஆனது. விலாவில் செருகிய டியூபில் காற்றுக் குமிழி நிற்க ஆறு நாள் பிடித்தது. நாங்கள் பயந்துவிட்டோம், ஆனால் தானாகவே நின்றது. பரிசோதனை முடிவில் கட்டி 4.1 செ.மீ.; வெட்டிய விளிம்பில் நோய் இல்லை; எடுத்த 15 நெறிகளில் வேர்ப்பகுதியைச் சேர்ந்த இரண்டில் மட்டும் நோய். நடுமார்பு நெறிகள் அனைத்தும் சுத்தம். நிலை இரண்டு பி என்று எழுதியிருக்கிறார்கள். நான்கு சுற்றுக் கீமோ, பிறகு மாத்திரை என்பது திட்டம். கீமோவுக்காகக் காத்திருப்பதால் மாத்திரை தாமதமாகிவிடாதா என்று மட்டும் கவலையாக இருக்கிறது.

---

மார்புக்கூடு | 27 செப்டம்பர் 2025

ஆகாது. அதௌரா ஆய்வில், கீமோ பெறாதவர்கள் அறுவை முடிந்து பத்து வாரத்துக்குள்ளும், கீமோ பெற்றவர்கள் 26 வாரத்துக்குள்ளும் சேர்க்கப்பட்டார்கள். உங்களுக்கு பிப்ரவரி இறுதிவரை நேரம் இருக்கிறது. மாத்திரை தொடங்கும் முன் ஓர் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒப்பிட உதவும். கல்ச்சர் என்ன ஆயிற்று?

---

காவிரிக்கரையான் | 27 செப்டம்பர் 2025

நேற்று வந்தது ஐயா. 42 நாள் வைத்தும் எதுவும் வளரவில்லை. பழைய மாத்திரை அட்டைகளில் மிச்சமிருந்தவற்றை அம்மா அலமாரியில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அவற்றை மருந்துக் கடையில் திருப்பி எடுப்பார்களா என்று கேட்கிறார்.